கார் டயர் மாற்றும்போது கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்க என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: நான்கு டயரும் மாற்றும் நிலைக்கு வந்துவிட்டன. ஒரே அளவு டயருக்குக் கடைக்குக் கடை விலை மாறுகிறது, கம்பெனிக்குக் கம்பெனி இன்னும் மாறுகிறது. எதை வாங்கினால் காசு வீணாகாது? பொருத்தும் இடத்தில் வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட், நைட்ரஜன் என்று அடுக்குகிறார்களே, இதில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம்?

விலை கேட்கக் கிளம்பும் முன், கழற்றப்போகும் பழைய டயரைக் குனிந்து பாருங்கள். புது டயர் எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். முன் டயர்களுக்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் உள் ஓரம் தெரியும். பின் டயர்களின் உள் ஓரத்தைப் பார்க்க ஃபோனை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். வெளியிலிருந்து பார்த்து "இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நினைக்கிற டயர், உள் ஓரத்தில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் தொடர்ந்து காற்று அதிகமாக வைத்து ஓட்டியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்றுக் குறைவு. ஒரு பக்க ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பர் கோணமோ (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) டோ கோணமோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) விலகியிருக்கிறது, அல்லது சஸ்பென்ஷன் புஷ் தளர்ந்திருக்கிறது. உள்ளங்கையை டிரெட்டின், அதாவது சாலையில் படும் பள்ளமும் மேடுமான பரப்பின், குறுக்கே இப்படியும் அப்படியும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலக் குத்துவதாகவும் இருந்தால் அது டோ கோளாறு. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். பேலன்ஸ் இல்லாத, அதாவது எடை சுற்றிலும் சமமாக இல்லாத, சக்கரமும் அப்படிச் செய்யும்.

இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த டயரைப் போட்டாலும் அதே இடத்தில் அதே மாதிரிதான் தேயும். கையில் இருக்கும் பணம் டயருக்கும் சஸ்பென்ஷன் வேலைக்கும் சேர்த்துப் போதாது என்றால், நடுத்தர விலையில் டயர் வாங்கி, மிச்சத்தில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளில் தளர்ந்ததை, பால் ஜாயிண்டையோ டை ராட் எண்டையோ, மாற்றுவதுதான் சரி. தளர்ந்த ஜாயிண்டின் மேல் விலை உயர்ந்த டயர் போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போல.

மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பதையும் அளந்து முடிவு செய்யுங்கள். புது கார் டயரின் டிரெட் ஆழம் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. இருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். டிரெட் அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள், பல நாடுகளில் சட்டப்படியான எல்லையும் அதுவே. ஆனால் மழையில் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மி.மீட்டருக்குக் கீழே போனதுமே தண்ணீரை வெளியேற்றும் திறன் கணிசமாகக் குறைந்து, ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளத் தொடங்கிவிடும். ஆழத்தை உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவே கணக்கு.

இரண்டு மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை இருந்தால், புது ஜோடி பின் அச்சுக்குப் போக வேண்டும். முன்சக்கர இழுவை காராக இருந்தாலும் இதுதான் விதி. ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வசப்படும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழக்கமில்லாத ஓட்டுநரால் அதை மீட்க முடியாது. ஒரே ஒரு டயரை மட்டும் மாற்றுவது, அதே அச்சில் இருக்கும் மற்றொன்று கிட்டத்தட்டப் புதிதாக இருந்தால் மட்டுமே சரி. நான்கு சக்கர இழுவை வண்டிகளில் விதி இன்னும் இறுக்கமானது. சுற்றளவு வேறுபட்டால், சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் இரண்டு டயரில் சிக்கனம் பிடித்து, பிறகு கியர்பாக்ஸ் பக்கம் செலவு செய்ய வேண்டாம்.

அளவைப் படிப்பது

195/65 ஆர்15 91எச் என்று டயரின் பக்கச் சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 195 என்பது மி.மீட்டரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, அதாவது ஏறக்குறைய 127 மி.மீ. ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில். 91 சுமைக் குறியீடு: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். எச் வேகக் குறியீடு: மணிக்கு 210 கி.மீ. வரை. டி என்றால் 190, வி என்றால் 240.

சுமைக் குறியீட்டில் ஒரு எண்கூடக் கீழே இறங்கக் கூடாது. வேகக் குறியீடும் கையேடு சொல்வதற்குக் குறையக் கூடாது. மேலே போகலாம், ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. எச் கேட்கும் காருக்கு வி போட்டால் வண்டி வேகமாகப் போகப்போவதில்லை. எக்ஸ்.எல். என்று குறித்த கூடுதல் சுமை டயரும் அப்படியே. கையேடு கேட்டால் அது கட்டாயம்; கேட்காத சின்ன காருக்கு அதைப் போட்டால் பயணம் கொஞ்சம் குலுங்கலாகத்தான் இருக்கும்.

பணம் மிச்சமாகும் ஒரு வழி பலர் கண்ணில் படுவதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டியலையும் கையேட்டையும் பாருங்கள். ஒரே மாடலின் உயர்ரக வடிவத்துக்குப் பெரிய ரிம்மும், அடிப்படை வடிவத்துக்குச் சின்ன ரிம்மும் கொடுத்திருப்பார்கள். இரண்டும் அங்கீகரித்த அளவுகள் என்றால், சின்ன ரிம் டயர் அநேகமாக விலை குறைவாக இருக்கும், பக்கச் சுவர் உயரம் என்பதால் குழியில் விழுந்தாலும் தாங்கும். உதாரணமாக 195/65 ஆர்15-இன் மொத்த விட்டம் சுமார் 634 மி.மீ., 205/55 ஆர்16-இன் விட்டம் சுமார் 632 மி.மீ. வேகமானி காட்டும் அளவு கிட்டத்தட்ட மாறாது. ஆனால் ரிம் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பிரேக் காலிப்பர் சின்ன ரிம்முக்குள் அடங்குமா என்பதும் முக்கியம். உயர்ரக வடிவத்தில் பெரிய பிரேக் இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடலாம். எதிர்த்திசையில், அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்குபவர்கள் அதற்கான விலையை ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். அதிகம் விற்காத அளவாக இருந்தால் கையிருப்பும் குறைவு, பேரம் பேசவும் இடமில்லை.

விலையை எப்படி ஒப்பிடுவது

டயரின் விலையைப் பார்க்காதீர்கள், ஆயிரம் கி.மீட்டருக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கணக்குக்காக ஒரு டயரின் விலை 100, அது 40,000 கி.மீ. ஓடும், இன்னொன்றின் விலை 130, அது 60,000 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டி பேலன்ஸ் செய்ய ஒவ்வொரு முறையும் 12 ஆகிறது. முதலாவது ஆயிரம் கி.மீட்டருக்கு 2.80. இரண்டாவது 2.37. விலை கூடியதுதான் மலிவு.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 60,000 கி.மீ. முடிய 12 ஆண்டு ஆகும். அதற்குள் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விட்டுவிடும். ஏழாவது ஆண்டில் எப்படியும் மாற்றப்போகிறார் என்றால், இரண்டு டயரும் அவருக்கு 35,000 கி.மீ.தான் கொடுக்கும், அப்போது 100 விலை டயரே லாபம். ஆண்டுக்கு 25,000 கி.மீ. ஓட்டுபவர் யோசிக்காமல் நீடித்து உழைப்பதை வாங்கலாம். அடுத்த ஆண்டே காரை விற்கப்போகிறவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

எத்தனை கி.மீ. ஓடும் என்பதை எங்கிருந்து தெரிந்துகொள்வது? சில டயர்களின் பக்கச் சுவரில் டிரெட்வேர் என்று 300, 400, 500 போல ஒரு எண் இருக்கும். 100 என்பது ஒப்பீட்டுக்கான டயர். 400 என்றால் சோதனையில் அதைவிட நான்கு மடங்கு தேய்மானம் தாங்கியது என்று பொருள். ஆனால் இந்த எண்ணைத் தயாரிப்பாளரே தன் டயருக்கு வழங்குகிறார். எனவே ஒரே கம்பெனியின் இரண்டு பேட்டர்ன்களை (தனிப் பெயரில் விற்கும் டயர் மாடல்களை) ஒப்பிட அது உதவும். ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொன்றின் 400-உடன் வைத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அதே வரிசையில் டிராக்ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி குறியும், வெப்பம் தாங்கும் தன்மைக்கு ஏ, பி, சி குறியும் இருக்கும்.

ஐரோப்பிய லேபிள் வேறு விதம். 2021 மே முதல் அது எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிப்புக்கும் ஏ முதல் ஈ வரை மதிப்பெண் தருகிறது. இரைச்சலை டெசிபலில் சொல்கிறது. தேய்மானத்துக்கு அதில் மதிப்பெண் இல்லை. ஆகவே லேபிளில் முதலிடத்தில் நிற்கும் டயர் சீக்கிரம் தேய்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், மழையில் கொஞ்சம் வழுக்கும். இரண்டையும் ஒருசேரக் கொண்டுவரத்தான் நல்ல கம்பெனிகள் ஆராய்ச்சியில் பணம் போடுகின்றன, அந்தப் பணத்தைத்தான் நம்மிடம் வாங்குகின்றன. சிக்கனத்தை இரைச்சலிலும் சொகுசிலும் பிடியுங்கள், ஈரப் பிடிப்பில் பிடிக்காதீர்கள்.

கம்பெனி பெயரை மட்டும் சொல்லி விலை கேட்பதில் அர்த்தமில்லை. ஒரே கம்பெனி ஒரே அளவில் மூன்று நான்கு பேட்டர்ன்கள் விற்கும், அவற்றுக்குள்ளேயே விலையும் குணமும் வெகுவாக மாறும். "அதே கம்பெனி டயர்தான், அவர்களைவிடக் குறைத்துத் தருகிறோம்" என்று ஒரு கடை சொன்னால், அது வேறு பேட்டர்னாக இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டர்னின் பெயர், முழு அளவு, சுமை-வேகக் குறியீடு, தயாரித்த தேதி ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால்தான் விலையை ஒப்பிட முடியும்.

தயாரித்த தேதி பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முழு வரிசை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். மறுபக்கத்தில் தேதி இல்லாமல் அரைகுறையாக இருக்கும். அதனால் மாட்டிய பிறகு தேட முடியாமல் போகும், மாட்டும் முன்பே நான்கையும் பாருங்கள். வெயில் படாத இடத்தில் ஒழுங்காக வைத்திருந்த ஓராண்டுப் பழைய டயரில் பயப்பட ஒன்றுமில்லை. அதைப் பேரத்துக்குப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். இரண்டாண்டு கடந்த கையிருப்பை நல்ல தள்ளுபடியில் கொடுத்தால், அதிகம் ஓட்டுபவர் தாராளமாக வாங்கலாம், ஏனென்றால் வயதாகும் முன்பே அவர் தேய்த்துவிடுவார். குறைவாக ஓட்டுபவருக்கு அது நஷ்டம். பொதுவாக, ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுக்கு ஒருமுறை டயரை நன்கு பரிசோதிக்கவும், தயாரித்த தேதியிலிருந்து பத்தாண்டைத் தாண்டினால் டிரெட் இருந்தாலும் மாற்றவும் டயர் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சில கார் கம்பெனிகள் ஆறாண்டிலேயே நிறுத்தச் சொல்கின்றன.

பழைய டயர்களை வாங்கிப் போடுவதைப் பற்றி ஒரு வரி போதும்: உள்ளே அடிபட்ட இழை வெளியே தெரியாது, வேண்டாம்.

விலை கேட்கும்போது "மாட்டி, சாலையில் இறக்கிவிட எவ்வளவு" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். டயர், வரி, கழற்றி மாட்டும் கூலி, புது வால்வு, பேலன்சிங், அதற்காக ரிம்மில் வைக்கும் எடைத் துண்டுகள், பழைய டயரை எடுத்துக்கொள்வதற்கு அவர்கள் கேட்பதோ கொடுப்பதோ எல்லாம் அதில் அடங்க வேண்டும். டயர் விலையைக் குறைத்துக் காட்டி இந்தச் சில்லறைகளில் எடுப்பது பழைய வழக்கம். எடைத் துண்டுக்குக் கிராம் கணக்கில் பணம் வாங்கும் கடையும் உண்டு. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதையும் நான்கால் வகுத்து, வேறு கடையின் சாதாரண விலையோடு வைத்துப் பாருங்கள். ஒரு கடை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும், டயர் இருக்கும்வரை சக்கரங்களை இடம் மாற்றுவதும் பேலன்சிங்கும் இலவசம் என்று எழுதிக் கொடுத்தால் அதுவே சில சமயம் மலிவு. இணையத்தில் வாங்கும்போது பொருத்தும் கூலி தனியா என்று பார்ப்பது இருக்கட்டும், வந்திறங்கிய டயரின் தேதியைப் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். ரிம்மில் ஏறிய டயரை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள்.

பொருத்தும் இடத்தில்

நல்ல டயரைக் கெட்ட முறையில் மாட்டினால் கெட்ட டயர்தான். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க அனுமதிக்கிற கடையைத் தேர்ந்தெடுங்கள். பார்க்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

ரப்பர் வால்வு டயரோடு சேர்ந்தே கிழடாகும். விரலால் வளைத்தால் அடியில் வெடிப்புத் தெரியும். டயர் கழன்றிருக்கும்போது மாற்றினால் செலவு அற்பம். பிறகு காற்று இறங்கினால் டயரைத் திரும்பக் கழற்ற வேண்டும். காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் உணரி உள்ள சக்கரங்களில் வால்வு உணரியோடு இணைந்திருக்கும். அதற்கு ரப்பர் வளையம், நட், வால்வு உள்முள், மூடி அடங்கிய சின்ன உதிரிப் பை கிடைக்கும். அதை மாற்றச் சொல்லுங்கள். உணரி இருப்பதை வேலை செய்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிக்க மெஷின் அழுத்தும் இடம் வால்வுக்கு அருகில் வந்தால் உணரி உடைந்துபோகும், அதன் விலை சின்ன டயர் ஒன்றுக்கே சமமாகலாம்.

டயரின் விளிம்பு உட்காரும் ரிம் பரப்பில் துருவும் பழைய ரப்பர்ப் பிசினும் ஒட்டியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்குவதற்கு, பஞ்சரே இல்லாத பல வண்டிகளில் இதுதான் காரணம். விளிம்பில் அதற்கென்றே விற்கும் பசையோ சோப்புக் கரைசலோ தடவ வேண்டும். எஞ்சின் ஆயிலும் கிரீசும் ரப்பரைக் கெடுக்கும்.

சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும் டயர் அந்தத் திசையில்தான் ஓட வேண்டும். "வெளிப்பக்கம்" என்று குறித்திருந்தால் அது வெளியே தெரிய வேண்டும். நான்கில் ஒன்றைத் தலைகீழாக மாட்டுவது அவசரத்தில் நடக்கிற தவறு. காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பக்கச் சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங்குக்குக் குறைவான எடை போதும். சிவப்புப் புள்ளி டயரின் சற்றே மேடான இடம். ரிம்மில் தாழ்வான இடத்துக்குக் குறி இருந்தால் அதனோடு சேர்க்க வேண்டும்.

காற்று ஏற்றும்போது விளிம்பு "டப்" என்று இரண்டு முறை உட்காரும். 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றியும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மீண்டும் பசை தடவித்தான் முயல வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் டயர் வெடித்து ஆளைக் காயப்படுத்தும். உட்கார்ந்த பிறகு ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் வளையமாக ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் விளிம்பு முழுமையாக உட்காரவில்லை. பிறகு எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அந்த அதிர்வு போகாது.

பேலன்சிங் நான்கு சக்கரத்துக்கும் செய்ய வேண்டும். பழைய எடைகளை முழுக்க எடுத்து, ரிம்மின் உட்புறச் சேற்றைச் சுரண்டிவிட்டு, பிறகு மெஷினில் ஏற்ற வேண்டும். பழைய எடையின் பக்கத்திலேயே புது எடைகளை வரிசையாக ஒட்டுவதைக் கண்டால், அங்கே வேலை ஏனோதானோவென்று நடக்கிறது. எடை போட்ட பின் ஒருமுறை சுழற்றி, இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுவதை நீங்களே பாருங்கள். ஒரே இடத்தில் 60, 70 கிராம் கேட்டால் டயரை ரிம்மில் 180 பாகை திருப்பி உட்கார வைக்கச் சொல்லுங்கள்; பல சமயம் குறையும். குறையவில்லை என்றால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயரே சரியில்லாமல் இருக்கலாம். மெஷினில் சுற்றும்போது ரிம்மின் ஓரத்தைக் கவனித்தாலே வளைவு தெரிந்துவிடும். அலாய் ரிம்மில் ஒட்டும் எடைதான் நல்லது. ஒட்டும் இடத்தைத் துடைத்துக் காயவிடாமல் ஒட்டினால் ஒரு மழையில் கழன்று விழும், 80 முதல் 110 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும் முன், அது வந்து உட்காரும் ஹப் முகத்தில் இருக்கும் துருவைத் தேய்க்க வேண்டும். இடையில் ஒரு துருச் செதில் இருந்தாலும் சக்கரம் கோணலாக உட்காரும். நட்டுகளை முதலில் கையால் சில சுற்று ஏற்றி, நட்சத்திர வரிசையில் எதிரெதிராக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். கார்களுக்குப் பொதுவாக 90 முதல் 120 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். இம்பாக்ட் கன்னால் "டர்ர்ர்" என்று ஒரே மூச்சில் இறுக்கிவிட்டால் மூன்று தொல்லை: நட் ஏறும் ஸ்டட் நீண்டு பலமிழக்கும், ஒன்று இறுக்கம் ஒன்று தளர்வு என்றாகி பிரேக் டிஸ்க் நெளிந்து, பிரேக் மிதிக்கும்போது அதிரும், பிறகு நடுவழியில் பஞ்சரானால் வண்டியோடு வந்த ஸ்பேனரால் அந்த நட்டை அசைக்கவே முடியாது.

அலைன்மென்ட், நைட்ரஜன், மற்றவை

புது டயர் என்றாலே அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது, கட்டாயம் என்று சொல்வார்கள். பழைய டயர்கள் சீராகத் தேய்ந்திருந்து, கை விட்டால் வண்டி நேராகப் போய், ஸ்டியரிங்கும் நடுவில் நின்றால் அளந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லைக்குள் இருப்பதைத் தொட வேண்டியதில்லை. கோணலாகத் தேய்ந்திருந்தாலோ, சஸ்பென்ஷனில் ஏதாவது மாற்றியிருந்தாலோ கட்டாயம் செய்ய வேண்டும். செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுப்பிரதியைக் கேளுங்கள். அது இல்லாத அலைன்மென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஜாயிண்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமலும், நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்யாமலும் எடுத்த அளவு எதற்கும் உதவாது. பல கார்களில் முன்பக்கம் டோ மட்டுமே திருகிச் சரிசெய்யக் கூடியது. கேம்பருக்குத் தயாரிப்பாளர் தனி ஏற்பாடு வைத்திருக்கமாட்டார். அப்படிப்பட்ட வண்டியில் பில்லில் "கேம்பர்" என்று வந்தால் எதைத் திருகினீர்கள் என்று கேளுங்கள். நெம்பி வளைப்பதுதான் வழி என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வளைந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றுவதே சரி.

நைட்ரஜன் ஏமாற்று இல்லை, ஆனால் தேவையும் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சத்தையும் மாற்றினால் அழுத்தம் இறங்குவது சற்று மெதுவாகும், ஈரப்பதம் இருக்காது, அவ்வளவே. இலவசம் என்றால் ஏற்றிக்கொள்ளலாம். அதன் தொந்தரவு என்னவென்றால், "இது நைட்ரஜன், சாதாரணக் காற்றை ஏற்றக் கூடாது" என்று நினைத்துக் குறைந்த காற்றோடு பலர் ஓட்டிவிடுகிறார்கள். இரண்டையும் கலக்கலாம், ஒன்றும் ஆகாது. பஞ்சர் வராமல் தடுக்க உள்ளே ஊற்றும் திரவமும் தேவையில்லை. அது பேலன்ஸைக் குலைக்கும், உணரியைப் பாழாக்கும், பிறகு பஞ்சர் ஒட்டும் ஆளுக்கும் பிடிக்காது. ட்யூப்லெஸ் டயரில் ரிம் கசிகிறது என்பதற்காக ட்யூப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ரிம்மைச் சரிசெய்யச் சொல்லுங்கள். டயர் பாதுகாப்புத் திட்டம் என்று விற்பதில், பக்கச் சுவர் குட்டையான டயரோடு குழிச் சாலையில் ஓட்டுபவருக்கு மட்டும் ஓரளவு பயன் உண்டு. தேய்ந்த அளவுக்குக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள் என்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காற்று அழுத்தத்துக்குக் கதவுத் தூணில் உள்ள எண்தான் சரி. டயரின் பக்கச் சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் காருக்கானது அல்ல. இரண்டையும் குழப்பி 40-க்கு மேல் ஏற்றி அனுப்பும் கடைகள் உண்டு, விளிம்பை உட்கார வைக்க ஏற்றிய காற்றை இறக்க மறப்பதும் உண்டு. மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள். வெப்பம் 5 அல்லது 6 செல்சியஸ் மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. மாறும். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். ஒரு டயர் மட்டும் 3 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தால் வால்விலும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அந்த வாரத்திலேயே போனால் கடை பெரும்பாலும் இலவசமாகச் செய்து கொடுக்கும்.

50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சோதிக்க வேண்டும், முக்கியமாக அலாய் ரிம் என்றால். முதல் 300 கி.மீ. வரை வளைவில் வேகமும் திடீர் பிரேக்கும் வேண்டாம். தொழிற்சாலையில் டயரை வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் பூசிய பொருளின் படலம் தேய்ந்து போகும்வரை பிடிப்பு முழுதாக வராது. பிறகு 8,000 முதல் 10,000 கி.மீட்டருக்கு ஒருமுறை சக்கரங்களை இடம் மாற்றுங்கள். முன்சக்கர இழுவை காரில் முன்னிரண்டும் அதே பக்கத்தில் பின்னே போகும், பின்னிரண்டும் குறுக்காக முன்னே வரும். அம்புக்குறி உள்ள டயரைப் பக்கம் மாற்ற முடியாது, முன்பின் மட்டுமே. ஸ்டெப்னி முழு அளவில், அதே பேட்டர்னில் இருந்தால் அதையும் இந்தச் சுழற்சியில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நல்ல டயர் டிக்கியில் கிடந்தே வயதாகிப்போகும்.

ஆணி ஏறினால் டயரைக் கழற்றி உட்புறத்திலிருந்து காளான் வடிவ ஒட்டு போடுவதே நிலையான பழுதுபார்ப்பு. டிரெட் பகுதியில் 6 மி.மீ. வரையிலான ஓட்டைக்கு அது தாங்கும். வெளியிலிருந்து திணிக்கும் திரி வீடு போய்ச் சேரத்தான். தோள்பட்டையிலோ பக்கச் சுவரிலோ ஓட்டை விழுந்தால் டயரைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. பக்கச் சுவரில் கொப்புளம் தெரிந்தாலும் அப்படியே: உள்ளே இழை அறுந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். அந்தக் கொப்புளம் தயாரிப்புக் குறையா, குழியில் அடிபட்டதா என்ற வாக்குவாதம் வந்தால் உங்கள் கையில் இருக்க வேண்டியது பில்தான். பேட்டர்ன் பெயர், நான்கு டயரின் டி.ஓ.டி. எண், பொருத்திய தேதி, அன்றைய கி.மீ. நான்கையும் அதில் எழுதி வாங்கி, டயர் இருக்கும்வரை வைத்திருங்கள்.